ஸ்பின் மாப் ரிவியூ: மாசமா இருக்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

எனக்கு இப்ப 7வது மாசம் நடக்குதுங்க. வீடு ஃபுல்லா டைல்ஸ், வேலைக்கு ஆள் கிடையாது, வீட்டுக்காரர் காலைல 7 மணிக்கு போனா நைட்டுதான் வருவாரு, அதனால இந்த ஸ்பின் மாப் பக்கெட் செட்டை ஆன்லைன்ல ஆஃபர் போட்டப்ப வாங்கிட்டேன். 1,300 ரூபா சொச்சம், கூட ரெண்டு ரீஃபில் (மாப் தலைல மாத்திப் போடற துணி). பிராண்ட் பேர் போடல, ஏன்னா இதே டிசைனை ஆளாளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்க, மாடல் எப்படின்னு பாக்கறதுதான் முக்கியம்.

ஒரே வரில சொல்லணும்னா துடைக்கறதுக்கு சூப்பர், தண்ணி தூக்கறதுக்கு மோசம். மாசமா இருக்கறவங்க நிறைய பேர் குனியக்கூடாதுன்னு மட்டும் யோசிச்சு இதை வாங்கறாங்க, பக்கெட்டை யாரு தூக்கி ஊத்தறதுன்னு யோசிக்கறதே இல்ல.

முதல்ல நல்லதை சொல்லிடறேன். மாப் தலை அப்படியே தரையோட படுத்துக்கும், கட்டிலுக்கு அடில, சோபாவுக்கு அடில நின்னுட்டே விட்டு எடுத்துரலாம். கம்பிய நீட்டி நம்ம நெஞ்சு உயரத்துக்கு வச்சு லாக் பண்ணிக்கணும், குட்டையா வச்சீங்கன்னா மறுபடி முதுகு வளைஞ்சுதான் துடைப்பீங்க, அப்புறம் ஸ்பின் மாப் எதுக்கு. இந்த டைம்ல ஹார்மோனால மூட்டெல்லாம் கொஞ்சம் லூசாயிரும், வயிறு முன்னாடி வர வர பேலன்ஸும் மாறிரும், குனிஞ்சுட்டு சட்டுனு நிமிந்தா தலை வேற சுத்தும்.

எங்க அத்தை இதை பாத்ததும் "மாப்பெல்லாம் எதுக்கு கண்ணு, துணிய வச்சு குத்த வச்சு துடை, அப்பத்தான் சுகப்பிரசவம் ஆகும்"னாங்க. செக்கப்புக்கு போனப்ப டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன். காய்ஞ்ச தரைல எதையாவது புடிச்சுட்டு மெதுவா குத்த வச்சு எந்திரிக்கறது வேற, சோப்புத் தண்ணில குத்த வச்சு பின்னாடியே நகந்துட்டு போறது வேறம்மான்னு சொன்னாங்க. வேலை செய்யறது தப்பில்ல, உடம்புல பிரச்சனை இல்லாதவங்க வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசையற மாதிரி எதாவது செய்யணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, வழுக்கி விழறதுதான் பயம். அத்தையும் இப்ப ஒண்ணும் சொல்றதில்ல, அவங்க ரூமை அவங்களே இந்த மாப்புலதான் துடைச்சுக்கறாங்க.

வழுக்கற விஷயத்துல இது நிஜமாவே நல்லா இருக்கு. பக்கெட்ல இருக்கற சுத்தற கூடைல மாப்பை வச்சு கைப்பிடிய நாலஞ்சு தடவ அமுக்கினா தண்ணி நல்லா வடிஞ்சுரும், தரைல லேசான ஈரம்தான் நிக்கும், ஃபேனை போட்டா கொஞ்ச நேரத்துல காய்ஞ்சுரும். பழைய நூல் மாப்புல ஹாலே குளம் மாதிரி கிடக்கும். ஆனா இதுல இன்னொரு மாடல் வருது, கால்ல பெடல் மிதிச்சு சுத்த வைக்கறது, பக்கத்து வீட்டு அக்கா அதுதான் வச்சிருக்காங்க. அது இந்த நேரத்துல வேண்டவே வேண்டாம். ஈரத் தரைல ஒத்தக் கால்ல நின்னுட்டு இன்னொரு காலால மிதிக்கணும், வயித்துக்கு கீழ என்ன இருக்குன்னு நமக்கே தெரியாது. கையில அமுக்கற மாடலா பாத்து வாங்குங்க.

இப்ப பக்கெட் கதைக்கு வரேன். இதுல 6 லிட்டர் தண்ணி புடிக்குது, அதுவே 6 கிலோ, பக்கெட் கூடை வெயிட்டெல்லாம் தனி. அடில வீல் இருக்கு, இழுக்கறதுக்கு கைப்பிடி இருக்கு, சைடுல தண்ணி திறந்து விடறதுக்கு ஒரு மூடி கூட இருக்கு. வீடியோல பாக்க எல்லாம் ஜோரா இருக்கும். நம்ம ஊர் பாத்ரூம் வாசல்ல படி இருக்கும்ல, வீல் அதுல ஏறாது, அங்க தூக்கித்தான் ஆகணும்! நான் பாதி அளவுதான் தண்ணி புடிக்கறேன், முடிஞ்சதும் வாசப்படி கிட்ட நிறுத்தி, பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து, மக்குல மொண்டு மொண்டு உள்ள ஊத்திருவேன், அடில இருக்கறதை நைட்டு அவர் வந்து ஊத்திக்குவாரு. 20 லிட்டர் வாட்டர் கேனும் கேஸ் சிலிண்டரும் ஏற்கனவே அவர் டிபார்ட்மென்ட்தான், இதுவும் அதுல சேந்துருச்சு.

வேற குறைன்னா, தலை வட்டமா இருக்கறதால மூலைல அழுக்கு அப்படியே நிக்குது. அடுப்பு பக்கத்துல இருக்கற எண்ணெய் பிசுக்கு இதுல சத்தியமா போகாது, தேய்ச்சாத்தான் போகும், அதை நான் இப்போதைக்கு கண்டுக்கறதில்ல. தலைமுடி சிக்கிக்கும், ஒவ்வொரு தடவையும் எடுத்து விடணும். முதல்ல வந்த பீஸ்ல பிளாஸ்டிக் கூடை விரிசல் விட்டு வந்துச்சு, போட்டோ அனுப்பு வீடியோ அனுப்புன்னு அலைய விட்டுட்டுதான் மாத்திக் குடுத்தாங்க. கொஞ்சம் காசு கூட போனாலும் ஸ்டீல் கூடை இருக்கறதா எடுங்க.

ஃபினாயில் பத்தியும் கேப்பீங்க. அந்த கருப்பு ஃபினாயில் வாடைக்கே எனக்கு குமட்டிருச்சு, இப்ப லேசான வாசனை இருக்கற ஃப்ளோர் கிளீனர் மூடில ஒண்ணுதான், ஜன்னலை திறந்து வச்சுட்டுதான் துடைக்கறேன். பாத்ரூம் ஆசிட் பக்கமே போறதில்ல. முக்கியமா ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா ஊத்தி ஊற வைக்கற பழக்கம் நிறைய வீட்ல இருக்கு, அதுல குளோரின் கேஸ் கிளம்பும், மாசமா இருக்கறவங்கன்னு இல்ல, யாரு மூச்சுல இழுத்தாலும் ஆபத்துங்க.

எல்லா ரூமையும் ஒரே நாள்ல முடிச்சுரணும்னு நிக்காதீங்க, ரொம்ப நேரம் நின்னா கால் வீங்கிரும். நான் இன்னிக்கு ஹால்னா நாளைக்கு பெட்ரூம். துடைக்கும்போது அடி தேய்ஞ்ச செருப்பு வேண்டாம், கிரிப் இருக்கறதா போட்டுக்குங்க. வயிறு கல்லு மாதிரி இறுகினாலோ லேசா ரத்தம், தண்ணி மாதிரி பட்டாலோ மாப்பை அங்கயே போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க. நச்சுக்கொடி கீழ இருக்கு, ரெஸ்ட்ல இருங்கன்னு டாக்டர் சொல்லிருந்தா இந்த ரிவியூவை வீட்டுக்காரருக்கு ஃபார்வர்ட் பண்ணிருங்க, அவரும் துடைக்கலாம்.

5க்கு 3.5 குடுப்பேன், பாத்ரூம் படி இல்லாத வீடா இருந்தா 4. ரீஃபில் தனியா கிடைக்குதான்னு பாத்துட்டு வாங்குங்க, சிலதுல கிடைக்கறதில்ல. ரீஃபிலை மெஷின்லயே போடலாம், ஆனா துணிக்கு ஊத்தற கண்டிஷனர் மட்டும் ஊத்திறாதீங்க, அப்புறம் அது தண்ணியே இழுக்காது.