நாட்டு மருந்துக் கடையின் வல்லாரைப் பொடி: ஒரு மதிப்புரை

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய இந்த வல்லாரைப் பொடி நிழலில் உலர்த்தி அரைக்கப்பட்டதாகவே தெரிகிறது; பச்சை நிறம் மங்கவில்லை, நாவில் வைத்தால் முதலில் இலேசான கசப்பும் பிறகு துவர்ப்பும் தெரிகின்றன, சலித்தபோது காம்புத் துணுக்குகள் மட்டும் சல்லடையில் கொஞ்சம் தங்கின. பொட்டலத்தின் மேல் ‘நினைவாற்றலுக்கு’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கான மருத்துவச் சான்று இன்னும் வலுவாக இல்லை. ஏசியாட்டிகோசைடு, மடிகாசோசைடு என்னும் டிரைடெர்பீன் வகைத் தாவரச் சேர்மங்களே வல்லாரையின் உண்மையான பலம். இவை தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் உருவாவதைத் தூண்டிப் புண் ஆறத் துணை செய்வதாக ஆய்வுகள் காட்டுவதால்தான், முகப்பூச்சுக் களிம்புகளில் இந்தக் கீரையின் சாறு இத்தனை தாராளமாகச் சேர்க்கப்படுகிறது.

பொட்டலத்தில் பாதுகாப்பு பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் பெரிய குறை. வல்லாரையை 20 முதல் 60 நாள் வரை உட்கொண்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டு, நிறுத்தியபின் குணமானதாக அர்ஜென்டினா மருத்துவர்கள் 2005இல் பதிவு செய்தார்கள். அரிதான விளைவுதான் என்றாலும், கல்லீரல் நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் இதை உட்கொள்ளக் கூடாது. ஈர நிலத்தில் படரும் இச்செடி மண்ணிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சக்கூடியது என்பதால், விளைந்த இடத்தையும் பரிசோதனை விவரத்தையும் அச்சிட்டிருக்க வேண்டும்.

புளியும் தேங்காயும் சேர்த்து அரைக்கும் துவையலுக்குப் பச்சைக் கீரையே மேல். அது கிடைக்காத மாதங்களில் இட்லிப் பொடியோடு சிறிது கலந்துகொள்ள மட்டும் இதை மறுபடி வாங்குவேன்.