சாத்தனூர் கல்மரம்: மரத்தைவிடக் கடலைப் பாருங்கள்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள மரத்தண்டு ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 'கல்மரம்' என்றதும் நிமிர்ந்து நிற்கும் மரத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் இரண்டு படம் எடுத்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நஷ்டம் அவர்களுக்குத்தான்.

இது காடு இருந்த இடமல்ல, கடல். தண்டைச் சுமக்கும் பாறை, திருச்சிராப்பள்ளித் தொகுதி எனப்படும் ஆழமற்ற கடற்படிவு. கருடமங்கலத்தில் வெட்டப்படும் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லும் இதே தொகுதிதான். கரையில் விழுந்த மரம் ஆற்றோடு மிதந்து வந்து, மக்குவதற்குள் மணலிலும் சேற்றிலும் புதைந்தது. நீரில் கரைந்திருந்த சிலிக்கா செல் செல்லாக உள்ளே புகுந்து படிந்தது. அதனால்தான் மர இழை அப்படியே தெரிகிறது.

உச்சி வெயிலில் போனால் எதுவும் தெரியாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சம் விழும்போதுதான் இழையோட்டம் எடுப்பாகத் தெரியும். பத்து மடங்கு கைலென்ஸ் இருந்தால் நல்லது. இது ஊசியிலை மர வகை; வேம்பு, தேக்குபோல நீர்க்குழாய்த் துளைகள் இருக்காது.

வயதை 12 கோடி ஆண்டு என்று சொல்வது வழக்கம். பாறைத் தொகுதியை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 9 கோடி என்பதே பொருந்தும். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் பதிவுசெய்த மரம் இது. விளக்கம் சொல்பவர்கள் இந்த வயதுக் கணக்கையும் ஒருமுறை சரிபார்த்திருக்கலாம்.

இங்கே மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். காரை என்ற ஊரின் செம்மண் ஓடைப் பள்ளங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை இன்னும் பழைய ஊட்டத்தூர்த் தொகுதிப் பாறைகள். கடல் ஆழமாக இருந்தபோது படிந்த களிமண். கண்ணாடிச் சில்லுபோல மின்னுவது ஜிப்சம், தொல்லுயிர் எச்சம் அல்ல. துப்பாக்கித் தோட்டா வடிவில் கிடப்பது பெலம்னைட், கணவாயின் உறவுக்கார உயிரினத்தின் உள்ளோடு. சுருள் வரிகள் தெரிந்தால் அம்மோனைட், அதுவும் கணவாயின் உறவுதான்; அழிந்துபோன ஓட்டுயிர். வெறும் உருண்டைக் கல்லை 'டைனோசர் முட்டை' என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது படிவுக்குள் இறுகித் திரண்ட கல் உருண்டைதான்.

மழை பெய்த மறுநாள் காரைக்குப் போக வேண்டாம். களிமண் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், சரிவு வழுக்கும். சாத்தனூர் மரம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அதன் மேல் ஏறுவதும் சில்லு பெயர்ப்பதும் கூடாது. காரையிலும் எச்சங்களை எடுக்காமல், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் பிடியுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால், பெலம்னைட்டும் வெறும் கூழாங்கல்தான்.