சிலாப் அடியில் பூசித் தருகிறோம் என்பவர்களிடம் காசு கொடுக்குமுன்

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் சிலாப் (கொங்கிரீட் கூரை) போட்ட வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். சிலாப் அடியில் வெடித்துக் கம்பி தெரிந்தால், "கொத்திப் பூசித் தாறேன்" என்று வருபவரிடம் உடனே காசைக் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் 2021இல் 185,000 ரூபா கொடுத்தோம். போன மாதம் அதே இடம், முன்னையதைவிடப் பெரிதாக, அம்மா சமைத்துக்கொண்டிருந்தபோது விழுந்தது. அடுப்புக்கு இரண்டடி தள்ளி விழுந்ததால் இன்று இதை எழுதுகிறேன்.

அந்தச் சிலாப் 2008இல் அப்பாவின் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் போட்டது. முப்பது வருடம் தொழிற்சாலையில் நின்று உழைத்த காசு. பத்து வருடத்தில் அடியில் செம்பழுப்புக் கோடுகள் ஓடின, பிறகு சில்லுச் சில்லாக உதிர்ந்தது. வந்த கொந்தராத்துக்காரர் கொங்கிரீட்டின் உறுதியைப் பார்க்கும் ஒரு சுத்தியல் கருவியை வைத்து அழுத்தி, அதில் வந்த எண்ணைக் காட்டினார். "பாருங்க டீச்சர், கொங்கிரீட் நல்ல ஸ்ட்ரோங். மேலால தண்ணி இறங்கியிருக்கு, அவ்வளவுதான். பூசிட்டா இருபது வருசத்துக்குப் பார்க்கத் தேவையில்ல." தொங்கிய துண்டுகளைத் தட்டிவிட்டு, துருப்பிடித்த கம்பி மேலேயே சீமெந்துச் சாந்தை அப்பி, பெயின்ட் அடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

விழுந்த பிறகு, பொறியியல் படிக்கும் என் பழைய மாணவன் வந்து பார்த்தான். "டீச்சர், ஸ்கூல் லேப்ல பினோத்தலீன் இருக்கும்தானே?" என்று கேட்டான். பதினான்கு வருடமாக நான் வகுப்பில் பயன்படுத்தும், காரம் பட்டால் ரோசா நிறமாகும் கரைசல் அது. புதிதாக உடைத்த முகத்தில் தூசி தட்டித் தெளித்தோம். நல்ல கொங்கிரீட் என்றால் கடும் ரோசா நிறம் வரவேண்டும். கீழ்ப்பக்கத்திலிருந்து 22 மில்லிமீற்றர் வரை நிறமே வரவில்லை. கம்பி இருந்ததோ 12 மில்லிமீற்றரில்.

இதன் பெயர் காபனேற்றம். சுண்ணாம்பு நீருக்குள் ஊதினால் பால் நிறமாகிறதே, அதே தாக்கம்தான் சீமெந்துக்குள்ளும் நடக்கிறது. காற்றின் காபனீரொட்சைட்டு நுண்துளைகள் வழியே போய், அங்குள்ள கல்சியம் ஐதரொட்சைட்டைக் கல்சியம் காபனேற்றாக்குகிறது. கொங்கிரீட் அதனால் பலவீனமாவதில்லை. மேற்பரப்பு இன்னும் இறுகும். அந்தச் சுத்தியல் நல்ல எண் காட்டியதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். கெட்டுப்போவது கம்பியின் காவல். 13க்குக் கிட்டிய பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் அளவு) பெறுமானத்தில் கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்புப்படலம் நிற்கும். அது 9க்குக் கீழே இறங்கினால் படலம் போய்விடும், பிறகு ஈரமும் காற்றும் போதும். துரு, தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து நெம்பித் தள்ளுவது அதுதான். கம்பியில் துரு இருக்க மேலே எவ்வளவு பூசினாலும் நெம்பிக்கொண்டேதான் இருக்கும்.

எங்கள் ஊரில் அடுப்படிச் சிலாப்தான் முதலில் போகிறது என்பதையும் அவன்தான் விளக்கினான். மழையில் ஊறிய கொங்கிரீட்டில் துளைகள் தண்ணீரால் நிறைந்திருப்பதால் வாயு மெதுவாகத்தான் நுழையும். ஈரப்பதன் 50 முதல் 70 வீதம் இருக்கும்போதே வேகம் அதிகம். விறகடுப்புச் சூட்டில் அரைகுறையாய்க் காய்ந்து, புகையும் குடிக்கும் சிலாப்புக்கு வேறென்ன வேண்டும்? துருவுக்கான ஈரத்தை மேலிருந்து மழை கொடுத்துவிடும்.

போடும்போதும் எங்களுக்குப் பிழை நடந்திருக்கிறது. கம்பியை அடிமுகத்திலிருந்து தூக்கிப் பிடிக்கக் கீழே கட்டை வைக்கவில்லை, கலவையில் தண்ணீர் கூட, இரண்டு நாளோடு தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள். காபனேற்றம் போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். அதாவது 1 சென்ரிமீற்றர் போக 5 வருடம் எடுத்தால், 2 சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 20 வருடம். ஒரு சிறு கட்டை மிச்சப்படுத்தியதில் எங்களுக்குப் போனது அந்த வருடங்கள்.

யாராவது திருத்த வந்தால் கேளுங்கள்: கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்துவீர்களா? துருவை வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டுவீர்களா? மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டுவீர்களா? பினோத்தலீன் தெளித்துப் பார்த்தீர்களா? அந்த ஆளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. போன் எடுத்தபோது, "அது வேற இடம் டீச்சர்" என்று வைத்துவிட்டார். அதன்பின் எடுப்பதில்லை.

இப்போது டர்பன்டைன் மரத்தில் முட்டுக் கொடுத்திருக்கிறோம். அம்மா பின்பக்கத் தகரக் கொட்டிலில் சமைக்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெரியவர் வீட்டிலும் அதே ஆள் விலை பேசியிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ச் சொன்னேன். முற்பணம் இன்னும் கொடுக்கவில்லையாம். சனிக்கிழமை பினோத்தலீன் போத்தலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.