இயற்பியலா, வேதியியலா: மதுரையில் பி.எஸ்சி. சேர்பவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. நான் இயற்பியல் எடுத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து என் தம்பி வேதியியல் எடுத்தான். இருவரும் மதுரையிலேயே படித்ததால், இரண்டு பட்டப்படிப்புகளையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. என் மனம் இயற்பியல் பக்கம் சாய்வதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டும் மூன்றாண்டுப் படிப்பு. எதை முடித்தாலும் பி.எட். படித்து ஆசிரியராகலாம், ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். அமெரிக்கன் கல்லூரி, மதுரைக் கல்லூரி, தியாகராசர், லேடி டோக், பாத்திமா என நகருக்குள்ளேயே இரண்டுக்கும் இடங்கள் உண்டு. ஆகவே இவற்றை வைத்து முடிவெடுக்க முடியாது.

முடிவைத் தீர்மானிப்பது கணிதம். இயற்பியலில் முதலாண்டு இயக்கவியலிலேயே வகைக்கெழுச் சமன்பாடுகள் வந்துவிடும். வெப்ப இயக்கவியலுக்குப் பகுதி வகைக்கெழு, அதாவது மற்ற மாறிகளை நிலையாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றி வகைப்படுத்துவது, வேண்டும். இறுதியாண்டில் குவாண்டம் இயக்கவியல் முழுவதும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்ப்பதில்தான் நகரும். முதல் செமஸ்டரில் துணைப்பாடக் கணிதத்தில் எனக்கு அரியர் விழுந்தது. பிறகு எழுதித் தேறிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அடுத்த ஆண்டு வெப்ப இயக்கவியலில் மேக்ஸ்வெல் தொடர்புகள் என்னும் சமன்பாடுகளை ஆசிரியர் கரும்பலகையில் வருவித்தபோது, எந்த மாறியை நிலையாக வைத்து எதை வகைப்படுத்துகிறார் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. எதிர்வீட்டு அக்கா தினமும் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பழைய பாடத்தை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்த பிறகே மீண்டேன்.

வேதியியலிலும் கணிதம் உண்டு. வினைவேகவியல் போன்ற பகுதிகளில் அது இல்லாமல் நகர முடியாது. ஆயினும் கரிம வேதியியலும் கனிம வேதியியலும் வேறு திறமைகளைக் கேட்கின்றன: வினைகளை நினைவில் வைத்தல், அவற்றுக்கிடையே வழி கண்டுபிடித்தல், பொறுமையான கைப்பழக்கம். கணிதத்தில் தடுமாறுபவர் அங்கே தம்மை ஈடுகட்டிக்கொள்ள இடமிருக்கிறது. இயற்பியலில் அந்த இடம் மிகக் குறைவு.

அப்படியிருந்தும் இயற்பியலை நான் பரிந்துரைப்பதற்கு ஒரு காரணம் ஆய்வகம். நியூட்டன் வளையச் சோதனையில், சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில், தட்டைக் கண்ணாடி மேல் வைத்த குவிவில்லை அதைத் தொடும் புள்ளியைச் சுற்றிக் கறுப்பு வளையங்கள் தெரியும். நகரும் நுண்ணோக்கியைத் திருகியபடி ஒவ்வொரு வளையத்தின் விட்டத்தையும் அளந்து, அதன் வர்க்கத்தை வளைய எண்ணுக்கு எதிராக வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து வில்லையின் வளைவு ஆரத்தை நானே கணக்கிட்டெடுத்த நாளில்தான், அதுவரை படித்த கணிதம் எதற்கு என்பது எனக்குப் புரிந்தது. அந்தக் கணிதமே எம்.எஸ்சி.க்குப் பிறகு வானியல், வளிமண்டல அறிவியல், மின்னணுவியல், கணினித் துறை என்று பல பக்கம் செல்லவும் கைகொடுக்கிறது. நம் மலைக்கு மேலேயே கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான்.

வேதியியல் தரும் வேலைவாய்ப்பைப் பற்றி என் தம்பியின் அனுபவத்தை மட்டுமே வைத்துச் சொல்கிறேன். கப்பலூர் பக்கம் ஒரு தனியார் ஆய்வகத்தில் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிக்கிறான். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளின் கரைசலால், நிறங்காட்டி சேர்த்த தண்ணீரின் ஒயின் சிவப்பு நீலமாக மாறும் அந்த ஒரு சொட்டைத் தவறவிடாமல் பிடிப்பதுதான் அவனுடைய திறமை. பட்டம் முடித்த ஆண்டிலேயே அவனுக்கு வேலை கிடைத்தது, எனக்கோ எம்.எஸ்சி. முடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடும்பத்துக்கு உடனடி வருமானம் தேவைப்படுபவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி விருப்பமுள்ள வேதியியல் மாணவருக்குக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் சிறிய அனுகூலமல்ல.

இந்த ஆண்டு என் சித்தப்பா மகள் கேட்டாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமில்லாத அறிவியல் பிரிவில் படித்தவள். அந்தப் பிரிவு மாணவர்களை இயற்பியலில் சேர்க்காத கல்லூரிகள் பல. அவளுக்கு வேதியியலையே சொன்னேன். கணிதப் பிரிவில் படிக்கும் அவள் தம்பி அடுத்த ஆண்டு வருவான். இயற்பியல் பாடநூலின் பயிற்சிக் கணக்குகளை விடைக்குறிப்பைப் பார்க்காமல் ஒரு மாதம் போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.