பொறியியல் பிரிவைத் தேர்ந்தெடுக்க உதவும் ஓர் இணையப் பயிற்சி: மதிப்பீடு
எந்தப் பொறியியல் பிரிவு எந்த வேலைக்கு இட்டுச்செல்லும் என்று விளக்கும் இந்தப் பயிற்சியில், இயந்திரப் பொறியியல் பகுதிதான் கொடுத்த பணத்துக்கு ஈடானது. எஃகின் யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்தினுடையது சுமார் 70 என்பதை வைத்து, ஒரே சுமையைத் தாங்கும் ஒரே அளவுள்ள இரு உத்தரங்களில் அலுமினியம் ஏறத்தாழ மூன்று மடங்கு வளைவதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டு, அதே கணக்கை வடிவமைப்பாளரும் சோதனைப் பொறியாளரும் தத்தம் பணியில் எவ்வாறு கையாளுகிறார்கள் என்று ஆசிரியர் விரித்துரைக்கும் இடம் அருமை. கட்டுமானப் பொறியியல் பகுதியில், 1940ஆம் ஆண்டு இடிந்து விழுந்த அமெரிக்காவின் டகோமா நேரோஸ் பாலத்தை வெறும் ஒத்ததிர்வு (இயல்பான அதிர்வெண்ணுக்கு இசைந்த விசையால் அதிர்வு பெருகுவது) என்று சொல்லி முடிக்காமல், காற்றோட்டமும் பாலத்தின் முறுக்கசைவும் ஒன்றையொன்று வளர்த்த விதத்தையும் விளக்கியிருக்கிறார்கள் (சில பாடநூல்களே இங்குச் சறுக்குகின்றன). மின்னணுவியலுக்கு ஒதுக்கிய நேரம் போதாது. சம்பளம் பற்றிய பகுதியோ விளம்பரம் போலவே ஒலிக்கிறது. கணிதத்தில் தடுமாறும் மாணவர் முதலாண்டை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வியை எவரும் தொடவே இல்லை.