தகுதிச் சோதனைக்கு நாலு நாள் இருக்கும்போது பழைய காரைப் பட்டறையில் விடாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் திரும்பத் திரும்ப நடக்கும் ஏமாற்று இது. கார் சாலையில் ஓடத் தகுதியானது என்று தரும் தகுதிச் சான்று முடிய நாலைந்து நாள்தான் இருக்கும். டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு எரியும். பட்டறைக்காரர் ஸ்கேனரை மாட்டுவார், ஐந்து நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடும். "சரி பண்ணியாச்சு, நாளைக்கே கொண்டுபோங்க" என்று பணத்தை வாங்கிக்கொள்வார். மறுநாள் கார் சோதனையில் தேறாது. அதே பட்டறைக்குத் திரும்பி வந்தால், "கேட்டலிடிக் கன்வர்ட்டர் போயிடுச்சு சார், மாத்தியே ஆகணும்" என்பார். சைலன்சர் பைப்பில் புகையின் நச்சைக் குறைக்கும் பாகம் அது. வேறு இடத்தில் காட்ட நேரம் இல்லாததால் கேட்ட தொகையைக் கொடுக்க வேண்டியதாகிவிடும். பல நேரம் அந்த கன்வர்ட்டர் நன்றாகவே இருந்திருக்கும்.

முதல் நாள் அவர் எதையும் பழுதுபார்க்கவில்லை, காரின் கம்ப்யூட்டரின் நினைவை அழித்தார், அவ்வளவுதான். விளக்கு எரியும்போது கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீட்டை அழித்தால், கார் தன்னைத்தானே சோதித்து வைத்திருந்த முடிவுகளும் சேர்ந்து அழியும். கன்வர்ட்டர், புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார், டேங்க்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிகிறதா என்பது என்று ஒவ்வொன்றும் "சோதனை முடியவில்லை" என்ற நிலைக்குப் போய்விடும். கம்ப்யூட்டரைப் படித்துப் பார்க்கும் சோதனை நிலையங்களில் இதற்காகவே காரைத் திருப்பி அனுப்புவார்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் பல கார்களில் இதே கதிதான். அதனால் பேட்டரி மாற்றிய வாரத்திலும் சோதனைக்குப் போகாதீர்கள்.

அழிந்ததைத் திரும்பக் கொண்டுவர ஓட்டித்தான் ஆக வேண்டும். கார் இரவு முழுக்க, குறைந்தது எட்டு மணி நேரம், நின்று ஆறியிருக்கட்டும். ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஊருக்குள் பத்து பதினைந்து நிமிடம் நின்று நின்று ஓட்டுங்கள். பிறகு நெடுஞ்சாலையில் 80, 90 கி.மீ. வேகத்தில், ஆக்சிலரேட்டரை ஆட்டாமல், பத்து பதினைந்து நிமிடம். கடைசியில் பிரேக்கைத் தொடாமல் காலை எடுத்து வேகம் தானாகக் குறையவிடுங்கள். டேங்க்கில் பெட்ரோல் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடையில் இருக்க வேண்டும். டேங்க் நிறைந்திருந்தாலோ காலியாக இருந்தாலோ பல கார்களில் ஆவிச் சோதனை தொடங்கவே தொடங்காது. ஒரே ஓட்டத்தில் எல்லாம் முடிவது அபூர்வம். சில நாள், நூறு கி.மீ.க்கு மேல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழுது உண்மையிலேயே இருந்தால் இந்த ஓட்டத்திலேயே விளக்கு திரும்பவும் எரியும். அது சோதனை நிலையத்தில் தெரிவதைவிட இங்கே தெரிவது எவ்வளவோ மேல். போனோடு இணையும் மலிவான ஸ்கேனரே எது முடிந்தது, எது முடியவில்லை என்று காட்டிவிடும்.

பி0420 என்ற குறியீட்டைக் காட்டி கன்வர்ட்டர் மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கன்வர்ட்டர் தரும் பலன் குறைவாகத் தெரிகிறது என்பதுதான் அந்தக் குறியீட்டுக்குப் பொருள். சைலன்சர் பைப்பில், சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் அது வரும், கன்வர்ட்டருக்குப் பின்பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கெட்டிருந்தாலும் வரும். எஞ்சின் சூடாகி, சீரான வேகத்தில் ஓடும்போது பின் சென்சாரின் வோல்டேஜைக் காட்டச் சொல்லுங்கள். அது 0.6, 0.7 வோல்ட் அருகே அசையாமல் நின்றால் கன்வர்ட்டர் வேலை செய்கிறது. பழைய வகை முன் சென்சாரைப் போலவே 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் துள்ளினால் சந்தேகப்படலாம், அப்போதும் முதலில் கசிவைத்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகிக்கொண்டிருந்தால், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமலிருந்தால், பிளக், காயில் பழுதைச் சரிசெய்யாமல் புது கன்வர்ட்டர் போடுவதில் பயனே இல்லை. எரியாத பெட்ரோல் உள்ளே போய் அதையும் எரித்துக் கெடுக்கும்.

புகைச் சோதனையில் நல்ல கார் தேறாமல் போவதற்கு இன்னொரு காரணம், எஞ்சின் ஆறியிருப்பது. கன்வர்ட்டர் சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு வந்தால்தான் வேலையைத் தொடங்கும். வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் போய், வரிசையில் எஞ்சினை அணைத்துவிட்டு அரைமணி காத்திருந்தால் அளவு கூடத்தான் செய்யும். இருபது நிமிடமாவது ஓட்டி, சூடு ஆறுமுன் உள்ளே விடுங்கள்.

கடைசி நாள் வேலையில் அதிகம் கெடுவது பிரேக். புது பேடு போட்ட அன்றே பிரேக்கைச் சோதிக்கும் ரோலரில் ஏற்றினால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி பிடிக்காது. 60 கி.மீ. வேகத்திலிருந்து 20க்கு, முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டுப் பத்து முறையாவது குறைத்தால்தான் பேடு டிஸ்க்கோடு படியும். வாரக்கணக்கில் நின்ற காரில் டிஸ்க்கில் துரு படிந்திருக்கும், அதற்கும் இந்த ஓட்டம் உதவும்.

வேலையை முறை மாற்றிச் செய்து இரண்டு முறை காசு வாங்குவதும் உண்டு. சரியான முறை இது: முதலில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பால் ஜாயின்ட், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு. அதன்பிறகு வீல் அலைன்மென்ட். ஹெட்லைட் உயரம் சரிபார்ப்பது கடைசியில். அலைன்மென்ட் செய்த பிறகு டை ராடு எண்டை மாற்றினால் முந்தைய செலவு வீண்.

சோதனைக்கு முந்தைய நாள் காரின் அடிப்பகுதிக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். துருவை மறைக்கத்தான் அது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாகக் கேட்கும்.

சான்று முடிய ஆறு, எட்டு வாரம் இருக்கும்போதே காரை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள். பழைய மாடலுக்கு உதிரிபாகம் வரவே இரண்டு வாரம் ஆகலாம். சோதனைத் தேதியை மூன்று, நான்கு வாரம் முன்னதாக வாங்குங்கள். சில இடங்களில் முன்னதாகப் போனாலும் பழைய முடிவு நாளிலிருந்தே அடுத்த காலம் தொடங்கும், சில இடங்களில் சோதித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். தேதி வாங்கும்போதே இதைக் கேளுங்கள். மறுசோதனைக்கு எத்தனை நாள் அவகாசம், தேறாத அம்சத்தை மட்டும் பார்ப்பார்களா என்பதையும் கேட்டு வையுங்கள்.

டயர் பட்டன், வைப்பர், பல்பு, ஹாரன், சீட் பெல்ட்டெல்லாம் நீங்களே பார்த்துவிடலாம். பல நாடுகளில் டயர் பட்டனின் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு ரப்பரோடு சமமாகிவிட்டால் டயரை மாற்ற வேண்டியதுதான். ஹாலஜன் பல்புக்கான ஹெட்லைட்டில் எல்இடி பல்பு போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், தேறவில்லை என்று சோதனை நிலையம் தந்த தாளை முதலில் கையில் வாங்குங்கள். அதில் "தேறவில்லை" என்றிருப்பதும் "கவனிக்கவும்" என்றிருப்பதும் வேறுவேறு. பட்டறைக்காரர் இரண்டையும் கலந்து ஒரே தொகையாகச் சொல்வார். முதல் வகையை மட்டும் செய்யச் சொல்லி, உதிரிபாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று வேலை தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். அவகாசம் போதாவிட்டால் சான்று முடிந்த காரைச் சாலையில் ஓட்டாமல் நிறுத்தி வைத்துவிட்டு, இன்னொரு பட்டறையிலும் காட்டிக் கேளுங்கள். அந்த ஒரு வாரம் பஸ்ஸில் போகும் செலவு, தேவையில்லாத கன்வர்ட்டரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.