ரோபோ சர்ஜரி கேஷ்லெஸ் என்று சொன்னால் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

நேற்றுதான் அம்மாவை டிஸ்சார்ஜ் செய்து கூட்டிவந்தோம். 5 லட்சத்துக்கு பாலிசி இருந்தும் கையிலிருந்து 1,86,000 ரூபாய் போயிருக்கிறது. வயிறு எரிகிறது.

பித்தப்பைக் கல். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் போட்டு, வழக்கமாகச் செய்கிற ஆபரேஷன். அந்தப் பெரிய தனியார் மருத்துவமனையில் முதலில் சொன்னதும் அதையேதான். இன்ஷூரன்ஸ் கார்டை நீட்டியதும் பேச்சு மாறியது. "ரோபோட்டிக்ல பண்ணிடலாம், அம்மாவுக்கு வலி கம்மியா இருக்கும்." செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவர் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அஞ்சு லட்சம் கவர் இருக்கு சார், நீங்க பைசா எடுக்க வேண்டாம்" என்றார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம்களைப் பார்க்கிற டிபிஏவிடமிருந்து முதல் அப்ரூவலும் வந்துவிட்டது. நம்பாமல் என்ன செய்வது?

டிஸ்சார்ஜ் அன்று பில் 2,86,000. இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்தது 1 லட்சம். ரோபோ சர்ஜரிக்கு பாலிசியில் அவ்வளவுதான் வரம்பாம். ரோபோ சர்ஜரி போன்ற நவீன சிகிச்சைகளை அடியோடு மறுக்கக் கூடாது என்று 2019இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொன்னது. சப்-லிமிட், அதாவது அந்தச் சிகிச்சைக்கு மட்டும் தனி உச்சவரம்பு, வைக்க மட்டும் வழிவிட்டது. லேப்ராஸ்கோப்பியில் செய்திருந்தால் இந்த வரம்பே குறுக்கே வந்திருக்காது. தினமும் இதே வேலை பார்க்கிற டெஸ்க்காரருக்கு இது தெரியாதா?

பில்லில் ரோபோ கருவிகளுக்கென்று தனித் தொகை. அந்தக் கருவிகளை இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று கணக்கு உண்டு, அது முடிந்தால் மெஷின் ஏற்காது, புதிது வாங்க வேண்டும். அந்தச் செலவும் மெஷின் விலையும் கார்டு வைத்திருப்பவன் தலையில்தான் விடிகிறது. பணம் வேறெங்கிருந்தோ வருகிறது என்றால் விலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கிளெய்ம் பெருகி பிரீமியம் ஏறும்போது கட்டப்போவதும் நாம்தான்.

மருத்துவமனையில் கேட்டால் "டிபிஏகிட்ட பேசுங்க." கால் சென்டரில் "பாலிசி வேர்டிங்ல இருக்கு சார்." பாலிசி எடுக்கும்போது வீட்டுக்கே வந்த ஏஜென்ட் "மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்தவர்தான், இன்னும் கூப்பிடவில்லை. 1,86,000 ரூபாய்க்குப் பொறுப்பேற்க ஒருத்தர் இல்லை!

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ரோபோ, லேசர் என்று எதைச் சொன்னாலும் சப்-லிமிட் எவ்வளவு என்று கம்பெனியிடம் மெயிலில் கேட்டு வாங்குங்கள். சாதாரண முறைக்கும் சேர்த்து இரண்டு எஸ்டிமேட் கேளுங்கள். முதல் அப்ரூவல் முழுத் தொகைக்கு அல்ல. கம்பெனிக்குப் புகார் அனுப்பிவிட்டேன், 30 நாளில் ஒழுங்கான பதில் வராவிட்டால் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மனிடம் போகிறேன்.